குப்பைக் கொள்கை: கோலாலம்பூரா, பினாங்கா?

கோலாலம்பூரில் குப்பை மத்திய அரசின் பொறுப்பு. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அள்ளும் குத்தகை அலாம் ஃபுளோரா நிறுவனத்திடம். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் மாநகர் கழகங்களே பார்த்துக்கொள்கின்றன.

வீட்டு வாசலில் பினாங்குக்கே என் ஓட்டு. இலவசப் பிளாஸ்டிக் பைக்கு 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் தடை, 2011-இல் எல்லா நாளும். குப்பை பிரிப்பதும் அப்படித்தான்: 2016 ஜூனில் தொடங்கி, ஓராண்டு மக்களைப் பழக்கிவிட்டுத்தான் 250 ரிங்கிட் அபராதம் வந்தது. கோலாலம்பூரில் 2015-லேயே பிரிப்பது கட்டாயம். தரைவீடுகளில் இது செல்லும். அடுக்குமாடியில் எல்லாப் பையும் ஒரே பெருந்தொட்டியில் விழும்போது யாருக்கு அபராதம் போடுவது?

குப்பை போய்ச் சேரும் இடத்தில் நிலைமை தலைகீழ். தலைநகரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அமுக்கப்பட்டு, உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே குப்பைமேட்டு வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பினாங்கின் பூலாவ் புரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பற்றியது. பக்கத்தில் பைராம் தோட்டம். புகையைச் சுவாசித்தவர்கள் நம் குடும்பங்கள். பிரிக்கத் தெரிந்த மாநிலம் புதைப்பதில் கோட்டை விட்டதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இரண்டு ஊரும் சேர்ந்து சறுக்குவது சாப்பாட்டுக் கழிவில். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் கிடக்கும் கறுப்புப் பையைப் பிரித்துப் பாருங்கள்: மிச்சச் சோறு, சாம்பார், தாள் தட்டு, மோர் குடித்த கப் எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும். சாம்பாரில் நனைந்த தாளை மறுசுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். சோறோ காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். பந்தல் அனுமதியோடு உணவுக் கழிவுக்குத் தனித் தொட்டியும் கட்டாயமானால் இதில் பாதி தீரும்.

கட்டுமானக் கழிவு இன்னொன்று. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் குப்பைமேட்டில் உடைந்த கான்கிரீட்டைக் கொட்டியபடியே, புதுக் கட்டடங்களுக்குக் கருங்கல்லும் மணலும் தோண்டிக்கொண்டிருந்தோம். இடிபாட்டை அரைத்தால் சாலைக்கு அடித்தளச் சல்லி ஆகும். குவாரி உரிமம் ஒரு மேசையிலும் குப்பைமேடு வேறொரு மேசையிலும் இருக்கும்வரை, எந்தக் கொள்கையையும் நிலைத்து நிற்கக்கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கல்லுக்கு அனுமதி கேட்பவரிடம், இடித்ததில் எவ்வளவு அரைத்துப் பயன்படுத்தினீர்கள் என்று இரண்டு ஊரும் முதலில் கேட்கட்டும்.