சரவணபவ தேறிவிட்டது, சரவணன் தேறவில்லை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "படிவத்துல பேர் வாங்கணும், தமிழ்லயும் எழுதுவாங்க, பைத்தான்லயே இருக்கற ரீஜெக்ஸ் போதுமா?" (பைத்தான் ஒரு நிரல்மொழி; ரீஜெக்ஸ் என்பது உள்ளீடு நாம் சொன்ன வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் தேடல் வரி.) போதும் என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு ஒரு சந்தேகம் வந்து, மடிக்கணினியைத் திறந்து பைத்தான் 3.12-இல் போட்டுப் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பிளஸ் (எழுத்து, ஒன்றோ பலவோ) என்று தேடினால் இரண்டு துண்டு வருகிறது: 'தம', 'ழ'. ஏழு வருடம் முன்னால் வந்த அதே இரண்டு துண்டு. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது தேவைப்படுவது ஒரு சின்ன வாசகர் வட்டத்தின் சந்தாப் படிவத்துக்கு. பெயர், முகவரி, பின்கோடு, கைபேசி எண், மின்னஞ்சல், அவ்வளவுதான். பெயருக்கு எழுத்து, இடைவெளி, இனிஷியலுக்கு ஒரு புள்ளி, இவை மட்டும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தமிழிலும் சோதித்துப் பார்த்தேன், சத்தியமாக. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து அதன் கீழே இருந்த 'சரவணபவ'வை அடித்தேன், தேறியது. சரி, தமிழும் ஓடுகிறது என்று முடித்துவிட்டேன். முதல் ஒரு வருடம் எல்லாரும் ஆங்கிலத்திலேயே பெயரை அடித்ததால் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, அறுபத்தெட்டு வருசமா இதே பேரைத்தான் எழுதிட்டிருக்கேன், பேரைச் சரியா எழுதவும்னு சிவப்புல காட்டுது, இதுல என்னப்பா தப்பு?"

தப்பு அவர் பெயரில் மெய்யெழுத்தின் மேல் இருந்த புள்ளி. பேக்ஸ்லாஷ் டபிள்யூவைப் பார்த்ததும் பைத்தான் ஒவ்வொரு குறியாக எடுத்து, இது எழுத்தா, எண்ணா, அடிக்கோடா என்று மட்டும் கேட்கிறது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்து வகை பிரிக்கும் யூனிகோடு கணக்கில் 'க' எழுத்து, 'அ' எழுத்து, ஆய்த எழுத்தும் எழுத்து. ஆனால் துணைக்கால், கொம்பு, சுழி, மெய்க்கு மேலே வைக்கிற புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பெற்ற 'குறி' என்ற வகை, எழுத்து வகை இல்லை. ஆக உயிரெழுத்தும் அகரம் ஏறிய உயிர்மெய்யும் மட்டுமே கொண்ட பெயர் வைத்திருப்பவர்தான் என் படிவத்தில் சேர முடியும். அப்படி ஒரு தமிழ்ப் பெயரை யோசித்துப் பாருங்கள். ஆறெழுத்து மந்திரம் உள்ளே போய்விடும், சரவணன் வாசலில் நிற்பான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. ரீஜெக்ஸ் மொழியில் வெறும் புள்ளி வைத்தால் 'எந்த எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை' என்று அர்த்தம். நம் மொழியில் புள்ளி வைத்தால் அது எழுத்தே இல்லை என்கிறது அதே ரீஜெக்ஸ். மெய்யெழுத்துக்கு அடையாளமே புள்ளிதான் ஐயா! இது யூனிகோடு அமைப்பின் சொந்தப் பரிந்துரைக்கே மாறாக இருக்கிறது என்று 2011-லேயே பைத்தானின் பிழைப் பட்டியலில் பதிந்திருக்கிறார்கள். தமிழ் மட்டுமில்லை, தேவநாகரிக்கும் இதே கதிதான்.

திருத்தம் பெரிய விஷயமில்லை, அதையும் சொல்லவேண்டும். தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கியது 128 இடம், முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை என்று சதுர அடைப்புக்குள் கொடுத்துவிட்டால் எல்லாப் பெயரும் உள்ளே வரும். கூடவே பழைய ரூபாய்க் குறியும் தேதிக் குறியும் வரும், அவற்றைப் பெயரில் யார் எழுதப்போகிறார்கள். ஒரே ஒரு யோசனை: எல்லையை எண்ணாகக் கொடுங்கள், எழுத்தாகவே அடிக்காதீர்கள். துணைக்காலும் புள்ளியும் எடிட்டரில் முன்னால் இருக்கிற ஹைஃபன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே படிக்க வராது.

அதற்கப்புறமும் ஒருவர் பெயர் நின்றது. பார்க்க ஒரு குறையும் இல்லை, நானே அடித்தால் போகிறது, அவர் ஒட்டினால் போகவில்லை. அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் குறி, எங்கிருந்தோ நகலெடுத்தபோது கூடவே வந்தது. இன்னொரு சிக்கல் இதற்கு நேர் எதிர், தேறிவிட்டுத் தொல்லை கொடுப்பது. 'கொ'வில் 'க'வோடு சேரும் கொம்பையும் காலையும் ஒரே ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு ஆள். ஒரே சந்தாதாரருக்கு இரண்டு இதழ் போய்க்கொண்டிருந்தது, அவரும் சொல்லவில்லை! இப்போதெல்லாம் ரீஜெக்ஸிடம் கொடுக்கும் முன்னால் யூனிகோடு நார்மலைஸ் செய்து, அதாவது இப்படி இரு விதமாகச் சேமித்ததை ஒரே விதமாக்கி, அந்த ஒளிந்த குறிகளையும் தூக்கிவிடுகிறேன். 'ஔ'வின் கொம்புக்காலுக்குப் பதில் 'ள' அடிக்கிறவர்களை மட்டும் எதுவும் திருத்தாது.

நல்லதையும் சொல்கிறேன். கைபேசி எண்ணுக்கு, இலக்கம் என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டி போட்டுப் பத்து இலக்கம் என்று வைத்திருந்தேன். ஒருவர் தன் எண்ணை ௯, ௮ என்று தமிழ் எண்களிலேயே அடித்திருந்தார், அது தேறியது மட்டுமில்லை, இன்ட் என்று கொடுத்தால் பைத்தான் அதைச் சாதாரண எண்ணாகவும் மாற்றித் தந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் ரசிக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் சேவையும் ரசிக்கவில்லை, தவறான எண் என்று திருப்பிவிட்டது. இப்போது முதலில் 6 முதல் 9, பிறகு 0 முதல் 9 வரை ஒன்பது இலக்கம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். பின்கோடும் அப்படித்தான், முதல் இலக்கம் பூஜ்யம் வராது. ஆனாலும் பாருங்கள், தமிழ் எண்ணைத் தெரிந்த ஆளுக்குத் தமிழ்ப் புள்ளி தெரியவில்லை.

டாலர் குறியை நம்பாதீர்கள். வரியின் முடிவு என்று நினைத்துப் போட்டால், கடைசியில் ஒரு புது வரிக் குறி ஒட்டியிருந்தாலும் விட்டுவிடும். முகவரிச் சீட்டு அச்சடிக்கும்போது ஒரு வரி கீழே இறங்கி நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. முழு உள்ளீடும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபுல்மேட்ச், பைத்தான் 3.4-இல் வந்தது, இருக்கும்போது அந்த டாலரே வேண்டாம்.

அப்புறம் அடைப்புக்குள் பிளஸ், அடைப்புக்கு வெளியேயும் பிளஸ் என்று எழுதிவைத்து, முப்பது எழுத்துக்கு மேல் நீண்ட ஒரு பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறி வந்ததும் சர்வர் உறைந்துபோனது. ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் இரட்டிப்பாகும். இது என் தப்பு, கருவியின் தப்பு இல்லை. 2016 ஜூலையில் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே இப்படி ஒரு ரீஜெக்ஸால், வரிசையாக வந்த சுமார் 20,000 வெற்றிடங்களைத் தாங்காமல் 34 நிமிடம் படுத்தது என்று படித்தபின் மனசு கொஞ்சம் ஆறியது. மின்னஞ்சலுக்கு நான் ஆட் குறி (@) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறேன்.

நண்பருக்கு இரண்டாவது பதில் அனுப்பினேன்: பைத்தானுக்குக் கூடுதல் நிரல்களை நிறுவும் பிப்பில் 'ரீஜெக்ஸ்' என்ற பெயரிலேயே தனி மாட்யூல் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூ 'தமிழ்' என்ற சொல்லை முழுதாக எடுக்கிறது. பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் கொடுத்து எண்ணினால் மூன்று எழுத்து என்று ஒழுங்காகச் சொல்கிறது, பைத்தானில் நீளத்தை எண்ணும் லென், குறிகளையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்கிறது. "அப்ப நீங்களும் அதுதான் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை. எங்கள் சர்வரில் தனியாக ஒன்றை நிறுவிப் பராமரிக்க எனக்குச் சோம்பல், உள்ளேயே இருப்பது திருத்தியபின் ஒருநாளும் நிற்கவில்லை, நான் எழுதிய வரிகள் ஒவ்வொரு பைத்தான் மாற்றத்திலும் அப்படியே ஓடுகின்றன.

பைத்தானிலேயே இருக்கிற ரீஜெக்ஸுக்கு மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. போன வாரம் 'தம', 'ழ' பார்ப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் நான்கு சொல்லியிருப்பேன்.