தெருவிளக்கு கேட்டுப் போனேன்: எங்கள் பிரதேச சபையின் சேவை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் உள்ள ஒரு பிரதேச சபையின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் சபையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒன்பது பிரதேச சபைகளில் எதை நினைத்துக்கொண்டு வாசித்தாலும் பெரிய பிழை வராது.

2024 இல், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, எங்கள் ஒழுங்கை முடக்கில் நின்ற தெருவிளக்கு அணைந்துபோனது. வயலுக்கு இறங்கும் யானை அந்த முடக்கால்தான் குடிமனைக்குள் வரும் என்பதால், மறுநாளே போய் முறைப்பாடு கொடுத்தேன். முன் அலுவலகத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, நீலப் பேனையால் 41 என்று இலக்கமிட்ட துண்டு ஒன்றைத் தந்தார். அதன் பிறகு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர், "ஐயா, மெம்பர்மார் இல்லாத காலம், செயலாளர்தான் எல்லாத்தையும் பார்க்கிறார், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2018 பெப்ரவரியில் தெரிவானவர்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அப்படித் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் தேர்தல் நடந்த 2025 மே 6 வரை நாங்கள் காத்திருந்தோம்.

புதிய சபை கூடிய பின் எங்கள் வட்டார உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்து ஒழுங்கை இன்றும் இருட்டு. அவர்களுடைய துண்டில் உள்ள இலக்கம் 38, அதாவது என்னுடையதற்கு முந்தியது. ஊர் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. அதை நான் நிரூபிக்க முடியாது. பதிவேட்டின் வரிசைப்படி வேலை நடக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மகளிடம் நியூ ஜேர்சிக்குப் போயிருந்தபோது, அவள் வசிக்கும் சிறிய டவுன்ஷிப்பின் கூட்டத்துக்கு ஒரு மாலை போனேன். அங்கே டவுன்ஷிப் கமிட்டி முறையில் மூன்று அல்லது ஐந்து பேரை ஊர் முழுவதும் சேர்ந்து தெரிவுசெய்கிறது. வட்டாரப் பிரிவு கிடையாது. அவர்களே ஆண்டுதோறும் தங்களுக்குள் ஒருவரை மேயராக்கிக்கொள்கிறார்கள். பொதுமக்கள் பேசுவதற்கு ஒவ்வொரு கூட்டத்திலும் நேரம் ஒதுக்கவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அடைத்துக்கிடந்த வடிகானின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் ஒலிவாங்கிக்கு முன் நின்றார். அவருக்கு யாரும் வாக்குறுதி தரவில்லை; ஆனால் அவர் பேசியதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அங்கே வரியும் சும்மா இல்லை, மருமகன் பெருமூச்சு விட்டுத்தான் கட்டுகிறார். இருந்தும் பாடசாலைக்கு எவ்வளவு, கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று சிட்டையில் தனித்தனியே போட்டிருக்கிறது. என் ஆதனவரிப் பற்றுச்சீட்டில் ஒரே தொகைதான்.

திரும்பி வந்து எங்கள் சபையின் மாதாந்த அமர்வுக்கும் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்தேன். பார்க்க விட்டார்கள், பேச விடவில்லை. இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கட்சிச் சண்டையில் கழிந்தது. 25 வீத ஒதுக்கீட்டில் வந்த பெண் உறுப்பினர் ஒருவர்தான், குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் எந்த நாளில் எந்த வீதிக்கு வரும் என்ற அட்டவணையைக் கேட்டார். அடுத்த அமர்வில் தருவதாகத் தவிசாளர் சொன்னார்.

முன் அலுவலகத்துக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுக்கலாம். வரி கட்டும் இடமும் திருப்தி: முழு ஆண்டுக்கும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு, பழைய பற்றுச்சீட்டைக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். திருத்த வேலைகளுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

பக்கத்து ஒழுங்கைக்காரர்கள் இப்போது 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தெருவிளக்கு முறைப்பாடுகள் எந்த வரிசையில் திருத்தப்பட்டன என்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்தோடு 38 ஆம் இலக்கத் துண்டின் பிரதியையும் இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.