மடித்த தாளா, மொபைல் ஆப்பா?

கோத்தகிரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லித் தருகிறேன். படங்களைப் பார்த்தும் யோசித்தும் விடை சொல்லும் மனத்திறன் தாளில் 90 நிமிடத்தில் 90 கேள்விகள். தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேயிலை பறிக்கப் போகும் அம்மாக்களுக்கு அது பெரிய பணம். அதனால், "ஆப் போதுமா அக்கா, புத்தகம் வாங்கணுமா?" என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஆப்பின் பலம் வேகம். உட்கார்ந்த இடத்திலேயே ஐம்பது படக் கேள்விகள், ஓடும் கடிகாரம், உடனுக்குடன் சரியா தப்பா என்ற பதில். ஆனால் நான் பார்த்த ஆப்களில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகளும் விடைகளை மாற்றி மாற்றித் தொட்டு, பச்சை வந்ததும் அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்.

சதுரத் தாளை இரண்டாக மடித்து, மறுபடி குறுக்கே மடித்து, ஒரு மூலையை வெட்டினால் விரிக்கும்போது என்ன தெரியும்? ஒரு மாணவி ஆப்பில் இதை மூன்று நாள் தப்பாகவே போட்டாள். பழைய காலண்டர் தாளையும் கத்தரிக்கோலையும் கொடுத்தேன். மடிப்புகள் சேரும் மூலையை வெட்டினாள். நடுவில் ஒரே ஓட்டை. இன்னொரு தாளில் அதற்கு எதிர் மூலையை வெட்டினாள். நான்கு முனைகளும் போயின. "எந்த மூலைன்னுதான் பார்க்கணுமா அக்கா!" என்றாள். அப்புறம் அந்த வகைக் கேள்வியில் அவள் தடுமாறவே இல்லை.

கண்ணாடியிலும் தண்ணீரிலும் பிம்பம் எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கு நம் எழுத்தே போதும். 'ப' கண்ணாடியில் மாறாது, 'ட' திரும்பிக்கொள்ளும். தண்ணீரில் இரண்டுமே கவிழும்.

கைடு வாங்குவதானால் படப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அச்சு மங்கலாக இருந்தால் காசு வீண். எனக்குப் பழைய வினாத்தாள் நகல்களே போதுமாக இருக்கின்றன.

இதே பிள்ளைகளின் அண்ணன்மார் ரயில்வே தேர்வுக்குப் படித்தால் வேறு பதில் சொல்வேன். அது கணினித் திரையில் எழுதுவது, தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். சந்தேகமான கேள்வியை விட்டு நகரும் பழக்கம் ஆப்பில்தான் நன்றாக வரும். என்.எம்.எம்.எஸ். தேர்வில் மதிப்பெண் கழிவதில்லை, எதையும் வெறுமனே விடக்கூடாது.

பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எனவே முதலில் தாளும் கத்தரிக்கோலும். வகைகள் பிடிபட்டதும் இரவில் அரைமணி ஆப். கடைசி மாதம் அதுவும் வேண்டாம்: சனிக்கிழமைதோறும் வினாத்தாள், விடை வட்டங்களைக் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளின் நகல், பேனா, சுவர்க் கடிகாரம்.