அசையாத அழுத்தக் கோடு: லெனார்டு-ஜோன்ஸ் திரவத்தோடு ஆறு வருடம்

ஆறு வருடமாக லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளில் லெனார்டு-ஜோன்ஸ் திரவத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்: துகள்கள் மிக நெருங்கினால் தள்ளும், சற்று விலகினால் ஈர்க்கும் எளிய கணினி மாதிரி அது. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் நிலையைத் தற்செயல் நகர்வுகளால் கணிக்கும் கிப்ஸ் என்செம்பிள் மான்ட்டே கார்லோ முறைக்கு நானே எழுதிய நிரல் ஒன்றும் கைவசம் இருக்கிறது. இத்தனை நாள் புழங்கியதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்வேன்: அழுத்தக் கோடு ஆடாமல் நிற்கிறதே என்று, சமநிலை வந்துவிட்டதாக நம்பிவிடாதீர்கள்.

முதல் வருடம் நடந்தது இது. 500 துகள்கள், எல்ஜே (லெனார்டு-ஜோன்ஸ்) அலகில், அதாவது துகள்களின் ஈர்ப்பு ஆழத்தை ஒன்றாக வைத்து அளக்கும் அலகில், வெப்பநிலை 0.85. திரவத்தின் அடர்த்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனேன். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. ஆவி பிரிந்திருக்க வேண்டிய இடம். ஆனால் பத்து லட்சம் படிகள் ஓடியும் ஒரு குமிழி இல்லை. சராசரி நிலையாக இருந்தது, பிழையும் சிறியது, ஆகவே எந்த நிலையில் திரவம், எந்த நிலையில் ஆவி என்று காட்டும் நிலைவரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டேன். பிறகு அதே அடர்த்தியில் 16,000 துகள்களை விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் வெற்றிடம் திறந்தது, அழுத்தம் விறுவிறுவென்று மேலேறியது. சின்னப் பெட்டியில் குமிழியின் மேற்பரப்புக்கு ஆகும் ஆற்றலை, பிரிவதால் கிடைக்கும் லாபம் ஈடுகட்டுவதில்லை. அதனால் பிரியாமல் ஒன்றாகவே கிடந்திருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறேன்: வாயுவை அழுத்தி ஒரு முறை, திரவத்தைத் தளர்த்தி ஒரு முறை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேராவிட்டால் புள்ளி வைப்பதில்லை. அதைவிட நல்லது, நீளப் பெட்டியின் நடுவில் திரவப் பட்டை, இருபுறமும் ஆவி என்று தொடங்குவது. திரவமும் ஆவியும் தொடும் எல்லையான இடைமுகம் முதலிலேயே இருப்பதால் குமிழி பிறக்கக் காத்திருக்க வேண்டாம்.

பனாயியோடோபுலோஸ் 1987-இல் தந்த கிப்ஸ் முறையில் இடைமுகமே கிடையாது. இரண்டு பெட்டிகள் கன அளவையும் துகள்களையும் மாற்றிக்கொள்ளும். நடுத்தர வெப்பநிலைகளில் இதற்கு நிகரில்லை என்பேன். குளிர்ந்தால் அடர்ந்த திரவத்துக்குள் புதுத் துகளைச் செருகும் முயற்சி எல்லாம் நிராகரிக்கப்படும். திரவம், ஆவி என்ற வேறுபாடே மறையும் மாறுநிலைக்கு அருகே போனால் எது திரவப் பெட்டி, எது ஆவிப் பெட்டி என்பதே மாறி மாறி வரும்.

கட்-ஆஃப், அதாவது எந்தத் தூரத்துக்கு அப்பால் துகள்களின் ஈர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம் என்பது பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. முழு லெனார்டு-ஜோன்ஸுக்கு மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 1.31. 2.5 சிக்மாவில் (சிக்மா என்பது துகளின் அளவு) வெட்டி, வெட்டிய இடத்தில் ஆற்றல் பூஜ்யமாகும்படி நகர்த்தினால் 1.08 பக்கம் வந்துவிடும். அது வேறு திரவம்! கட்-ஆஃப் சொல்லாத கட்டுரையிலிருந்து எண் எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

சொந்த நிரல் எழுதுபவர்கள், தொட்டால் மட்டும் தள்ளும் கடினக் கோளங்களில் தொடங்கலாம். ஈர்ப்பே இல்லாமலும் உறையும் என்று 1957-லேயே சிமுலேஷன் காட்டிவிட்டது; நிரப்பு விகிதம் (கோளங்கள் அடைத்த கன அளவின் பங்கு) 0.494-இல் உறைதல், 0.545-இல் உருகுதல். சரிபார்க்க இவை உறுதியான எண்கள்.

நடுவில் திரவப் பட்டை வைத்துத் தொடங்கும் முறையில் ஒரு எச்சரிக்கை. வெட்டி நகர்த்திய திரவத்தில் வெப்பநிலை 1.0-ஐத் தாண்டினால் இடைமுகம் அகன்று, பெட்டியின் நீளவாக்கில் வரைந்த அடர்த்திக் கோட்டில் தட்டையான பகுதியே மிஞ்சாது. அதற்கு மேல் எடுத்த புள்ளிகளை நான் பொருத்தலில் சேர்ப்பதில்லை. கீழே உள்ளவற்றை வைத்து, மாறுநிலையை நெருங்கும்போது திரவ, ஆவி அடர்த்திகளின் வித்தியாசம் குறையும் விதத்தைச் சொல்லும் 0.326 அடுக்கைக் கொண்டு மாறுநிலையைக் கணிக்கிறேன்.