கவுண்டரில் உரக்க வாசித்த ஒன்று தசம் இரண்டு

நல்லூர்த் திருவிழாவுக்குப் போன பயணத்தைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. எனக்கோ யாழ்ப்பாணத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் கவுண்டரைத் தாண்டி நினைவு நகர மறுக்கிறது.

தங்கச்சியின் ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவை எடுக்கப் போயிருந்தோம். நம்பர்த் துண்டு, வாங்கில் இடம்பிடித்தல் எல்லாம் பழையபடிதான். எங்கள் முறை வந்ததும் அந்தப் பொடியன் தாளைப் பேசாமல் நீட்டியிருக்கலாம். "பிள்ளை இல்லாததற்குப் பார்க்கிற டெஸ்ட்தானே அக்கா? ஒன்று தசம் இரண்டு. குறைவு போலத்தான் இருக்கிறது" என்று உரக்க வாசித்துவிட்டான். வாங்கிலிருந்த தலைகள் அத்தனையும் திரும்பின. அதில் ஒன்று எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் மாமியுடையது! உறையில் போட்டுத் தரச் சொன்னால், எக்ஸ்ரே உறைதான் இருக்கிறதாம். லண்டனில் என் முடிவு மூடிய கடிதமாக வந்தது. அதற்கு வாரக்கணக்கில் காத்துக்கிடந்ததையும் மறைக்கக் கூடாது. இங்கே சொன்ன நாளில் தந்துவிட்டார்கள்.

ஓட்டோவில் ஏறியதும் தங்கச்சி அழத் தொடங்கினாள். "அக்காவுக்கு எட்டுக்கு மேல் இருந்ததே!" இருந்ததுதான், 8.6. அங்கே லீட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று எழுதுவார்கள். இங்கே மில்லிலீட்டருக்கு இத்தனை நானோகிராம். அலகை மாற்ற அவளுடைய 1.2ஐ 7.14ஆல் பெருக்கினால் ஏறக்குறைய என் எண்தான் வரும். கைபேசியில் பெருக்கிக் காட்டியும் நம்பவில்லை.

எண் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் எனக்கு 39 வயது, அவளுக்கு 32. மறுநாள் சனலிங்கில் (தனியாரிடம் நேரம் பதிந்து) சந்தித்த வைத்தியர் (சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்) தாளின் மேற்புறத்தில் அச்சாகியிருந்த வயதைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டார். கருமுட்டை வளர ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதைத்தான் ஏஎம்எச் காட்டுமாம். கிடைப்பவற்றில் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறு இல்லாதவை எத்தனை என்பது பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. டெஸ்ட்டியூப் சிகிச்சை கைகூடுமா என்று கணிக்க முதலில் பார்ப்பதும் வயதைத்தான். எப்எஸ்எச் என்ற ஹோர்மோன் பரிசோதனையை மட்டும் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எடுத்துவரச் சொன்னார். லண்டனில் எனக்கு இதையெல்லாம் வாயால் சொல்ல ஆளில்லை, கையேடுதான் தந்தார்கள்.

அவர் பேசி முடிக்கும்வரை அடுத்த நம்பர்க்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாத்தச் சொன்னேன். கொண்டி உடைந்து கனகாலம் என்றார் தாதி.