இரண்டே நாள் பாரிஸ்: எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்

லண்டனில் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ போகிறவர்களில் பாதிப் பேர் கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது கேட்பார்கள்: "ரெண்டு நாள் இருக்கே, பாரிஸ் போய்ட்டு வந்துடலாமா?" தாராளமாகப் போய் வரலாம். செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே. பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கிவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருந்தால் பிரிட்டன் விசா அங்கே செல்லாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தலைவலி தொடங்கும்: பட்டியல்.

பாரிஸ் பட்டியல் எப்போதும் இரண்டு நாளைவிட நீளமானது. அதனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் போட்டியாளரை நிறுத்திப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். டிக்கெட் விலையை வைத்து ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை. இருபது யூரோவை எப்படியாவது சமாளித்துவிடலாம். வரிசையில் போன அரைநாள் திரும்பி வராது. ஓர் இடம் நம் நாளில் எவ்வளவைத் தின்கிறது, தின்றதற்கு என்ன தருகிறது என்பதுதான் இங்கே அளவுகோல்.

முதல் மோதல் லூவ்ர், ஓர்சே என்ற இரண்டு அருங்காட்சியகங்களுக்கு இடையே. லூவ்ர் 1793-இல் அருங்காட்சியகமான அரண்மனை. காட்சியில் இருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிடம் நின்றால் இரவு பகலாக 24 நாள் ஆகும். 2024-இல் 87 லட்சம் பேர் வந்துபோன இடம். அவர்களில் பெரும்பாலோர் போகும் திசை ஒன்றுதான்: மோனாலிசா.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். படம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் சில நூறு பேர், எல்லோர் கையும் மேலே, கைகளில் போன். முன்வரிசைக்கு வந்து சேர்ந்தால் ஒரு செல்ஃபிக்குள் காவலர் நகரச் சொல்லிவிடுவார். இத்தனை பேரும் முதுகு காட்டி நிற்கும் எதிர்ச்சுவரில், ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமுமாக ஒரு கல்யாண விருந்து நடந்துகொண்டிருக்கிறது. இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் வரைந்த கானா ஊர்த் திருமணம்; லூவ்ரிலேயே பெரிய ஓவியம் அது. 1797-இல் நெப்போலியனின் படை வெனிஸிலிருந்து தூக்கி வந்தது. இசைக்காரர்கள், பணியாட்கள், நாய்கள், மது ஊற்றுகிறவர் என்று பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம், யாரும் இடிக்க மாட்டார்கள்.

ஓர்சே வேறு மாதிரி. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். பிறகு வந்த நீளமான ரயில்களுக்கு நடைமேடை போதாமல் 1939-க்குப் பின் தொலைதூர ரயில்கள் நின்றுபோயின. இடித்துவிட்டு ஓட்டல் கட்டலாம் என்றுகூட ஒரு காலத்தில் பேசினார்கள். தப்பிப் பிழைத்து 1986-இல் அருங்காட்சியகமானது. 1848 முதல் 1914 வரையிலான கலை என்று எல்லை போட்டுக்கொண்டதால் தலை சுற்றாது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ரயில் ஓடிய இடத்தில் சிற்பங்கள். நேராக ஐந்தாம் மாடிக்கு ஏறினால் மோனே, ரெனுவார், தெகா வரைந்த ஓவியங்கள். அங்கேயே ராட்சதக் கடிகாரத்தின் கண்ணாடி வழியாக ஆற்றுக்கு அக்கரையில் லூவ்ரே தெரியும். வான் கோவின் ரோன் நதி நட்சத்திர இரவு ஓவியம் சுவரில் தொங்குகிற நாளாக இருந்தால் அதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள். தண்ணீரில் விழும் விளக்கு வெளிச்சத்தை அவர் தூரிகையால் இழுத்த இழுப்பு மேடு மேடாக நிற்பது அச்சுப் படத்தில் தெரியாது. மோனாலிசாவில் இந்தக் கிட்டப் பார்வை நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

என் ஓட்டு ஓர்சேவுக்கு, தயக்கமே இல்லாமல். இரண்டரை மணி நேரத்தில் நிறைவாக வெளியே வரலாம். லூவ்ரில் அதே இரண்டரை மணி நேரம் போனால் கால் வலியும் குற்ற உணர்ச்சியும்தான் மிச்சம். ஆனால் எகிப்து, மெசபடோமியா என்று ஈடுபாடு உள்ளவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஹமுராபியின் சட்டக் கல்லை ஓர்சேயில் தேட முடியாதே. அப்படிப்பட்டவர் புதன் அல்லது வெள்ளி மாலை லூவ்ர் போகட்டும். அந்த இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், கடைசி இரண்டு மணி நேரம் கூட்டமும் வடிந்துவிடும். மற்றவர்கள் கண்ணாடிப் பிரமிடை வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு டிக்கெட் கிடையாது.

அடுத்தது உயரம். ஈபிள் கோபுரமா, வெற்றி வளைவா?

1889-இல் எழுந்த கோபுரம், இப்போது ஆன்டெனாவோடு 330 மீட்டர். உச்சிக்குப் போகிற லிஃப்ட் டிக்கெட் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். கிடைத்தாலும் சுற்றுச்சுவரில் ஒரு சோதனை, தூணடியில் இன்னொரு சோதனை, லிஃப்ட்டுக்கு ஒரு வரிசை, இரண்டாம் தளத்தில் உச்சி லிஃப்ட்டுக்கு வேறொரு வரிசை, இறங்கவும் வரிசை. அரைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் தெம்பிருந்தால் இரண்டாம் தளம் வரை 674 படி ஏறிப் போகலாம். அந்த டிக்கெட் மலிவு, வரிசையும் சிறியது. பார்வையைப் பொறுத்தவரை இரண்டாம் தளமே போதும். உச்சியில் நகரம் வரைபடம் போல ஆகிவிடுகிறது.

வெற்றி வளைவு வெறும் 50 மீட்டர். 284 சுழல் படிகள். நெப்போலியன் 1806-இல் தொடங்கி வைத்தார். முடிந்தது 1836-இல், அவர் காலமாகி 15 ஆண்டுக்குப் பிறகு. மேலே நின்றால் 12 பெருஞ்சாலைகள் நம் காலடியிலிருந்து பிரிந்து ஓடும். நான் அதிக நேரம் பார்த்தது கீழே வட்டத்தில் நடக்கும் கூத்தைத்தான். அங்கே வட்டத்துக்குள் புதிதாக நுழைகிறவருக்கே முன்னுரிமை, ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவர் நிற்க வேண்டும். விதியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் வேடிக்கை. தப்பித்தவறியும் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து வளைவுக்குப் போக நினைக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது.

வளைவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்பது ஒரு பக்கம். அங்கிருந்து பார்த்தால் காட்சியில் ஈபிள் கோபுரம் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். பொழுது சாயும் நேரத்துக்கு ஏறினால், இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் மின்னுவதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். நான் வளைவின் கட்சி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: கூடவே பத்து வயதுப் பிள்ளையோ, ஊரில் எல்லோரும் "மேல ஏறினியா?" என்று விசாரிக்கப் போகும் அம்மாவோ வந்திருந்தால் கோபுரத்தையே எடுங்கள். அந்தக் கேள்விக்கு "எதிர்ல ஒரு வளைவு இருக்கு, அதுல ஏறினோம்" என்ற பதில் எடுபடாது.

சேன் ஆற்றின் நடுவே தீவில் இருக்கும் இரண்டு தேவாலயங்களில் மட்டும் எதையும் வெட்டாதீர்கள். நோத்ர தாம் 2019 ஏப்ரல் 15-இல் எரிந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போக இலவசம், வரிசையும் பார்க்கப் பயமுறுத்தினாலும் வேகமாக நகரும். புகையும் அழுக்கும் போன சுவர் இப்போது வெளேரென்று இருக்கிறது. பழைய இருட்டை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்கூட வரலாம். அங்கிருந்து ஐந்து பத்து நிமிட நடையில் சேன்ட் ஷப்பேல். கிறிஸ்துவின் முள்முடி என்று நம்பப்பட்டதை வைக்க ஒன்பதாம் லூயி கட்டியது, 1248-இல் அர்ப்பணித்தார்கள். முள்முடிக்குக் கொடுத்த விலை ஆலயம் கட்டிய செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். முடி இப்போது நோத்ர தாமில் இருக்கிறது. இங்கே மிஞ்சியது பெட்டி மட்டும். ஆனால் என்ன பெட்டி! மேல்தளத்தில் கல்லைவிடக் கண்ணாடிதான் அதிகம்: 15 ஜன்னல்கள், 1,113 காட்சிகள். வெயில் அடிக்கும் முற்பகலில் போனால் தரையிலும் ஆட்களின் சட்டையிலும் நீலமும் சிவப்பும் விழுந்து கிடக்கும். மழை நாளில் பாதிதான். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை. பையில் கத்தரிக்கோல், பழம் நறுக்கும் கத்தி இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

வெர்சாயா, மொன்மார்த்ரா என்ற கேள்வியே இரண்டு நாள்காரருக்குத் தேவையில்லை. வெர்சாய் அரண்மனை அழகுதான், ஒரு முழு நாளை விழுங்கும். விட்டுவிடுங்கள். மொன்மார்த்ர் குன்றுக்கு விடிந்ததும் போனால் சக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் நகரம் உங்களுக்கே. பத்து மணிக்கு மேல் போனால் கையில் நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்கும் கும்பல் காத்திருக்கும். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பதே மருந்து.

இதற்கெல்லாம் எப்படிப் போவது? மெட்ரோதான் வேகம், சந்தேகமில்லை. 2025 ஜனவரியிலிருந்து தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம்; அந்த ஆண்டு 2.50 யூரோ. பஸ்ஸுக்கு அப்போது 2 யூரோ. மெட்ரோ டிக்கெட்டில் பஸ்ஸுக்கு மாற முடியாது, இரண்டும் தனித்தனி. நவிகோ ஈஸி என்ற பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையைக் கைமாற்றிக் குடும்பமே நுழையலாம் என்று நினைத்தால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரும். விமான நிலையத்துக்கு வேறு கட்டணம்.

மெட்ரோவின் குறை படிக்கட்டு. முழுக்க லிஃப்ட் வசதி உள்ள வழித்தடம் 14 ஒன்றுதான். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். 69-ஆம் எண் பஸ் ஈபிள் கோபுரத்துப் புல்வெளிப் பக்கம் தொடங்கி ஓர்சே, லூவ்ர், பஸ்தீய் வட்டாரங்களைத் தொட்டுக்கொண்டு பேர் லஷேஸ் கல்லறைப் பக்கம் வரை போகும். ஏறி இறங்கும் சுற்றுலா மாடி பஸ் பெரும்பாலும் இதே இடங்களைத்தான் சுற்றுகிறது, பல மடங்கு காசுக்கு. நெரிசலில் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். மெட்ரோவிலேயே காட்சி வேண்டுமென்றால் 6-ஆம் வழித்தடத்தில் பாஸியிலிருந்து பிர் அக்கேம் வரை போங்கள். ரயில் ஆற்றுக்கு மேலே ஏறி ஓடும், இடப்பக்கம் கோபுரம் முழுசாக வந்து நிற்கும். ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்குதான்.

சாப்பாட்டில் ஓட்டலில் உட்கார்ந்து மதிய உணவு என்பது ஒன்றரை மணி நேர வேலை. இரண்டு நாள் கணக்குக்கு அது ஒத்துவராது. பேக்கரியில் நீள ரொட்டி சாண்ட்விச்சை வாங்கி ஆற்றோரம் உட்காருவது எனக்குப் பிடித்த வழி. சைவக்காரர்கள் கவனிக்க: கீஷ் லொரேன் என்ற பேக்கரிப் பண்டத்தில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், சாலட்டிலும் சமயத்தில் தூவியிருப்பார்கள். மாரே பகுதியின் ரோசியேர் தெருவில் ஃபலாஃபெல் வயிறு நிறையக் கிடைக்கும். யூதக் கடைகள் என்பதால் சனிக்கிழமை பெரும்பாலும் பூட்டு. காபி குடிக்க உட்கார வேண்டாம், கவுன்டரில் நின்றபடி குடித்தால் விலை குறையும்.

சோறு வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்தால் லாச்சப்பல். கார் து நோருக்குப் பின்புறம் பத்து நிமிட நடை. 1980-களிலிருந்து போர் துரத்தி வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு: தமிழ்ப் பெயர்ப்பலகை, கீரைக்கட்டு, முருங்கைக்காய், நகைக்கடை. கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும் கடைக்குள் நுழைந்தால், "இருந்து சாப்பிடப் போறீங்களோ அண்ணை, கட்டிக்கொண்டு போறீங்களோ?" என்பார்கள். முதல் நாள் மதியத்துக்கு இதை வைக்காதீர்கள், பாரிஸ் பார்க்க வந்த வேகம் அங்கேயே அடங்கிவிடும். திரும்பிப் போகும் ரயிலும் கார் து நோரிலிருந்துதான் என்பதால், இரண்டாம் நாள் மாலை இடியப்பத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது வசதி. யூரோஸ்டாருக்குப் பாஸ்போர்ட் சோதனை இருக்கிறது, கடைசி நிமிடத்தில் ஓட முடியாது.

கிழமையையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். திங்கள் ஒரே நாள்தான் கையில் என்றால், மேலே நான் ஓர்சேவுக்குப் போட்ட ஓட்டு செல்லாது. லூவ்ருக்கே போங்கள்; பிரமிடு வழி வரிசையைப் பார்த்து மலைக்காமல், ரிவோலி தெருவிலிருந்து கீழே இறங்கும் கரூசெல் வணிக வளாக வாசலை முயன்று பாருங்கள்.