அம்மாவின் மாத்திரைப் பையும் அப்பாவின் வீடும்: இந்த முறை ஊரில் பார்த்தது

இந்த முறை ஐந்து வார விடுப்பில் கும்பகோணம் போயிருந்தேன். இரண்டு வேலை பாக்கி இருந்தது. அம்மாவுக்கு மூன்று மாதமாகக் கால் வீக்கம், அது என்னவென்று பார்க்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். இரண்டைப் பற்றியும் விமானம் ஏறும் முன்பே ஏஐயிடம் கேட்டுக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். ஊருக்குப் போய் நடத்தி முடிக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பார்த்துவிட்டு வந்தால் கையில் கொடுக்கும் கடிதம் முழுக்க ஜெர்மன் மருத்துவச் சொற்கள். படம் எடுத்துப் போட்டால் ஏஐ அதைத் தமிழில் நிதானமாக விளக்கும், ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் அப்படித்தான் படித்தேன். அது எனக்கு உண்மையாகவே உதவியிருக்கிறது, இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

அம்மாவுக்கு 71 வயது. சுகர், பிபி இரண்டும் உண்டு. போனில் கேட்டபோது அட்டைப்பெட்டியை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த பிபி மாத்திரை. அதை ஏஐயிடம் சொன்னேன். இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தக்கட்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அம்லோடிபினாலும் வீக்கம் வரலாம், ஆனால் இந்த அளவில் அது குறைவு, முதலில் சிறுநீரகத்தைப் பாருங்கள் என்றது. வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்றும் கேட்டது. நான் அம்மாவைக் கேட்டேன். "வேற ஒண்ணும் இல்லடி" என்றார். அன்றிரவு சிறுநீரகத்தை நினைத்துத் தூங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். ரத்தம், சிறுநீர், எக்கோ எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டர் எங்களோடு பேசியது இரண்டு நிமிடம், அதிலும் பாதி நேரம் பார்வை கம்ப்யூட்டரில். கால் ஏன் வீங்குகிறது என்று நான் கேட்டதற்கு "வயசாச்சு இல்ல" என்று பதில். இப்படி ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் போனைத் திறந்து ஏஐயைக் கேட்டால் அவர்மேல் என்னால் குற்றம் சொல்ல முடியாது. ஏஐயாவது முழுப் பதில் சொல்கிறது.

எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். சின்ன வயதுப் பெண் டாக்டர். காலை அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்புறம் சொன்னார், "நாளைக்கு வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்க. சாப்பிடறது, சாப்பிடாதது, பழசு, எல்லாம்."

மறுநாள் ஜவுளிக்கடை மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தோம். அவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பின்பக்க வெள்ளித் தாளில் உள்ள பொடி எழுத்தைப் படித்து, தனித்தனிக் குவியலாக வைத்தார். பத்து நிமிடம் பேச்சே இல்லை. கடைசியில் இரண்டு அட்டைகளை அம்மா முன்னால் தள்ளினார். ஒன்று தனியார் கிளினிக்கில் போன வருடம் எழுதிக் கொடுத்த அந்தக் கூட்டு மாத்திரை. இன்னொன்று மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரை. அதுவும் அம்லோடிபின் 5. "ஒரே மருந்துதான் பாட்டிமா, ரெண்டு சட்டை போட்டிருக்கு. அஞ்சும் அஞ்சும் பத்து."

2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதில்தான் மாத்திரை வருகிறது. அம்மாவின் கணக்கில் அது "சர்க்கார் மாத்திரை", மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குவது "டாக்டர் மாத்திரை". வேறு மருந்து உண்டா என்று நான் கேட்டபோது சர்க்கார் மாத்திரை அவர் நினைவுக்கே வரவில்லை. எழுதிக் கொடுத்த கிளினிக்கும் இவர் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை.

பையில் இன்னொன்றும் இருந்தது. சித்தி பையன், அம்மாவின் தங்கை மகன், தன் போனில் தமிழிலேயே பேசி, கால் வீக்கத்துக்கு என்ன மாத்திரை என்று கேட்டிருக்கிறான். அது டாக்டரைப் பாருங்கள் என்ற எச்சரிக்கையோடு நீர் மாத்திரைகளின் பெயரைச் சொல்லியிருக்கிறது. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மருந்துக்கடையில் காட்டியிருக்கிறான். அவர்களும் சீட்டு இல்லாமலே கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, நான் வரட்டும் என்று அம்மா அதைத் தொடவில்லை. டாக்டர் அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிப் பிபி பார்த்தார், மேல் அளவு 104தான். "காலைல எழுந்திருக்கும்போது தலை சுத்துதா?" என்றார். சுற்றுகிறதாம், எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. "இதோட அந்த நீர் மாத்திரையும் உள்ள போயிருந்தா எங்கயாவது விழுந்திருப்பீங்க" என்று அதை எடுத்துத் தனியாக வைத்தார். இரண்டு அம்லோடிபினில் ஒன்றை நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு தெரிந்தது.

அன்றிரவே இரண்டு அட்டைகளையும் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரே மருந்து இருமுறை போகிறது என்று உடனே சொன்னது, அளவு கூடினால் வீக்கம் கூடும் என்பதையும் சரியாக விளக்கியது. மருந்தைப் பற்றி அந்த டாக்டருக்குத் தெரிந்த அளவு அதற்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் "வேற ஒண்ணும் இல்ல" என்ற பதிலை நான் நம்பினேன், என்னை அது நம்பியது. அந்த டாக்டர் எங்கள் இருவர் பேச்சையும் நம்பாமல் பையைக் கேட்டார்.

தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் வந்த இந்திய அரசு வழிகாட்டுதல் ஏஐ தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றே சொல்கிறது. மருத்துவருக்குத் துணையாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் அதுதான் மருந்தின் பெயர் சொல்கிறது. அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் உப்பைக் குறைக்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் பேசிவிட்டு, சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக மூன்று மாதம் சோடியம் புரோமைடு சாப்பிட்டு, புத்தி பேதலித்து மருத்துவமனையில் கிடந்தார். 2025இல் அதை ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அதைப் படித்தபோது யாரோ ஒருவர் கதை என்று கடந்து போனேன். அந்த நீர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

வீட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். அப்பா 1991இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் 2019இல் தவறிவிட்டார். அம்மா, நான், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி. ஏஐ தெளிவாகச் சொன்னது: மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பதிவு செய்யலாம். மாதிரிப் பத்திரம்கூட எழுதிக் கொடுத்தது. தம்பிக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அவன் தரும் பவர் பத்திரம் பற்றிச் சொன்னதும் சரிதான்: அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஊரில் நாங்கள் பார்த்த வக்கீலும் அதையேதான் சொன்னார். ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் ஆண்டோடு சொல்லியிருந்தது, வக்கீலின் ஜூனியர் தேடிப் பார்த்தார், அப்படி ஒரு வழக்கே இல்லை. நியூயார்க்கில் 2023இல் இதே மாதிரி இல்லாத வழக்குகளை மனுவில் எழுதிக் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது என்று எங்கள் வக்கீலே சொன்னார். சரி, அதுகூடப் போகட்டும்.

வக்கீல் நான் நீட்டிய பத்திர மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். தாசில்தார் கொடுத்தது, ஆறு வருடமாக எங்கள் பீரோவில் இருப்பது. பேனா முனையை நான்காவது பெயரில் வைத்தார். "இவங்க யாரும்மா?"

அப்பாவின் அம்மா. எங்கள் பாட்டி.

"உங்க அப்பா தவறினப்போ பாட்டி உயிரோட இருந்தாங்களா?"

இருந்தார். 2022இல்தான் போனார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் உண்டு. அதனால் அப்பா இறந்த அன்றே வீடு நான்கு பங்காகிவிட்டது, பாட்டிக்கும் கால் பங்கு. பாட்டி போனதும் அந்தக் கால் பங்கு அவர் பிள்ளைகள் வழிக்குப் போகிறது: இரண்டு அத்தைமார், அப்பாவின் இடத்தில் நானும் தம்பியும். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். வீட்டை 24 பங்காக வைத்தால் அம்மாவுக்கு 6, எனக்கு 7, தம்பிக்கு 7, அத்தைமார் ஆளுக்கு 2.

ஏஐயிடம் நான் கேட்டது இப்போது இருப்பவர்களைப் பற்றி. இறந்து போனவரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? அத்தைமார் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் நாங்கள் மூவர் மட்டும் பாகம் பிரித்திருந்தால் அது குறையுள்ள பத்திரம். நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் வங்கி அதைத்தான் முதலில் பிடிக்கும் என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். "பங்கு இருக்குன்னு அத்தைங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. சொல்லாம கையெழுத்து வாங்கற பத்திரத்தை நான் எழுத மாட்டேன்."

போய்ச் சொன்னோம். பெரிய அத்தை காபி ஆற்றிக்கொண்டே "எனக்கு எதுக்கு" என்றார். சின்ன அத்தை வீட்டில் நிலைமை வேறு. அவர் மகன் ஏற்கெனவே தன் போனில் கேட்டு வைத்திருந்தான்: தாய் சொத்தில் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் சரியான பதில்தான், பாட்டியின் கால் பங்கில் மூன்றில் ஒன்று. அவனோ மொத்த வீட்டில் மூன்றில் ஒன்று என்று புரிந்துகொண்டு, நாங்கள் மறைக்கிறோம் என்ற கோபத்தில் இருந்தான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு வக்கீல் அவனைத் தனியாக வரச்சொல்லி அதே காலண்டர் தாளைக் காட்டினார். சின்ன அத்தை தன் 2 பங்குக்கான பணத்தை வாங்கிக்கொண்டார். அது அவருடையது, கொடுத்ததில் எங்களுக்கும் நிம்மதி.

இதற்கிடையில் இன்னொன்றும் செய்திருந்தேன், சொல்லிவிடுகிறேன். குடும்பச் சண்டை முழுவதையும், யார் என்ன சொன்னார் என்பதோடு, ராத்திரி ராத்திரியாக ஏஐயிடம் கொட்டியிருந்தேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவர் அதை வெளியே சொல்லக் கூடாது. சாட்பாட்டிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரிந்தபோது எல்லாம் கொட்டி முடிந்திருந்தது.

பத்திரப் பதிவு நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு நடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரிய அத்தையின் ரேகை மெஷினில் ஏறவே இல்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். வக்கீலின் குமாஸ்தா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஐந்தாவது தடவை விழ வைத்தார். அம்மா படியில் கையைப் பிடிக்காமல் இறங்கினார். கீழே நின்ற சின்ன அத்தை அவர் காலையே பார்த்துவிட்டு, "வீக்கம் போயிடுச்சே அண்ணி, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "ஒண்ணை நிறுத்தினேன்" என்றார் அம்மா.